கண்ணீரைவிட உப்பு கூடாது

முதல் குழந்தை பிறந்த வீட்டில் குழந்தை மட்டும் புதிதல்ல, அம்மாவும் அப்பாவும் புதிது. இரண்டாவது குழந்தைக்கு வரும் காய்ச்சலும் முதல் குழந்தைக்கு வரும் காய்ச்சலும் தெர்மாமீட்டரில் ஒரே அளவைக் காட்டலாம். பெற்றவர்கள் வயிற்றில் அது ஒரே அளவாக இருப்பதில்லை.

திருப்பூரில் இந்தக் கலக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல். இது பிழைக்க வந்தவர்களின் ஊர். முன்பு மதுரை, தேனி, திருவாரூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். லைன் வீட்டில் ஒற்றை அறை, ஆளுக்கொரு ஷிப்ட். ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தை வாந்தி எடுத்தால் எழுப்பிக் கேட்க மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருப்பதில்லை.

நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன். தபால் தந்தித் துறையில் எழுத்தர் வேலை கிடைத்து, 1978-ல் திருப்பூருக்கு மாற்றலாகி வந்தேன். அப்போது திருப்பூர் தனி மாவட்டமும் இல்லை, மாநகராட்சியும் இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி, அவ்வளவுதான். பனியன் ஏற்றுமதி அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முன்பக்கம் அவர்கள் குடும்பம், பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டுமாக நாங்கள். அவருடைய அம்மாவை வீதியே ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். 1980 மே மாதம் எங்கள் மகள் பிறந்தாள். பிரசவம் வில்லியனூரில் என் மனைவியின் தாய்வீட்டில் நடந்தது. மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு திருப்பூர் வந்தபோது கட்டிங் மாஸ்டர் ஒரு மூட்டை வெள்ளை பனியன் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். வெட்டி மிஞ்சியவை, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனவை. அவைதான் பாப்பாவுக்கு இடுப்புத் துணி. கொடியில் வரிசையாக வெள்ளைத் துண்டுகள் காய்வதைப் பார்த்தால் வீட்டுக்குள்ளே ஒரு சின்ன கம்பெனி நடப்பது போல இருக்கும்.

1981 பொங்கல் சமயம் பாப்பாவுக்கு எட்டு மாதம். திருப்பூரில் மிஷின் சத்தம் அடங்குவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். வெளியூர் ஆட்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். கடைகளும் கிளினிக்குகளும் மூடிக் கிடந்தன. மாட்டுப் பொங்கலன்று காலையில் குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது, குடித்த பாலை வாந்தி எடுத்தாள். பத்து மணிக்குமேல் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மஞ்சள் தண்ணீராகப் பீய்ச்சியது. மத்தியானத்துக்குள் எட்டுத் துணி போயிற்று.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும் என்றார் ஒருவர். மாந்தம் என்றார் இன்னொருவர். தொக்கம் எடுக்க ஆள் இருக்கிறது, கூட்டிப்போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்.

“அம்மிணி, வயித்தைக் காயப்போடோணும். பாலு குடுக்காதீங்க. தண்ணி காட்டவே கூடாது. ஊத்த ஊத்தத்தான் போகும்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவானேன்? அவர்கள் யாரும் பொல்லாதவர்கள் அல்ல. பண்டிகை நாளில் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றவர்கள். என் மனைவி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தைதான் குடித்ததைத் தங்கவைக்கவில்லை.

அவள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: “நாம என்னங்க தப்பு பண்ணோம்? தண்ணி காய்ச்சித்தானே குடுத்தோம்?”

காய்ச்சித்தான் கொடுத்தோம். அதில் நான் பிடிவாதக்காரன். பள்ளிக்கூடத்தில் ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடவேளை உண்டு, நாம் பொருட்பாடம் என்போமே அது. அதில் லூயி பஸ்தேரைப் பற்றி வாத்தியார் அத்தனை பக்தியோடு நடத்துவார். கண்ணுக்குத் தெரியாத ‘மிக்ரோப்’, கொதிக்க வைத்தால் சாகும். வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனை 1885-ல் பஸ்தேர் ஊசி போட்டுக் காப்பாற்றிய கதை எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் படிப்பின் மிச்சம், எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்காமல் குழந்தை வாய்க்குப் போனதில்லை. அப்படியிருந்தும் வந்துவிட்டதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டாள். வயிற்றுப்போக்கைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆத்தா தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “உச்சிக்குழி விழுந்திருக்குது தம்பி” என்றார். அதுவரை மாந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வீடு அந்த ஒரு வார்த்தையில் அமைதியாகிவிட்டது.

நான் தந்தி ஆபீஸ் ஆள். ஊருக்குத் தந்தி கொடுத்தால் எப்போது போய்ச் சேரும், அம்மா எந்த பஸ்ஸைப் பிடிப்பார், எப்போது திருப்பூர் வருவார் என்று மனக்கணக்குப் போட்டேன். மறுநாள் மாலை. அதுவரை நாங்கள் இரண்டு பேர்தான். கட்டிங் மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வாடகைக் காரோடு வந்தார். பண்டிகை நாளிலும் கதவு திறக்கும் ஒரு பெண் டாக்டரை டிரைவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் கூப்பிடாமலே ஆத்தாவும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனை தடவை வெளிக்குப் போனாள் என்று கேட்கவில்லை. “கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதில் சொன்னது ஆத்தாதான். கொடியில் காயப்போட்ட துணியைக் கணக்கு வைத்திருக்கிறார். “பதினொரு மணிக்கு மேல ஒண்ணுக்குத் துணி ஒண்ணும் விழுகலைங் டாக்டரம்மா.”

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார் டாக்டர். தோல் உடனே படியாமல் மெதுவாக இறங்கியது. ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தார், குழந்தை ஆவலாகக் கவ்வியது. “குடிக்கிறா. குடிக்கிற வரைக்கும் ஊசி வேண்டாம். பேதி தானா நிக்கும். போன தண்ணியத் திருப்பிக் குடுக்கிறதுதான் நம்ம வேலை” என்றார்.

பிறகு என் மனைவியைச் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போனார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர். டீ ஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை. அரை ஸ்பூன் உப்பு. “வாயில வச்சுப் பாரும்மா. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கரிச்சா கொட்டிட்டு வேற கலக்கு.” திருப்பூரில் ‘நல்ல தண்ணி’ என்றும் ‘உப்புத் தண்ணி’ என்றும் இரண்டு உண்டு, இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கலக்கும்போது போர் தண்ணீரில் கலக்காதே, குழாயில் வரும் நல்ல தண்ணீரில் கலக்கு என்றும் சொன்னார்.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. நாலு மணி நேரத்துக்குள் அரை லிட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. நினைவு தப்பினாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே டிரிப். எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, தன் முன்னறையிலேயே பாயைப் போட்டு உட்காரவைத்தார்.

மருத்துவம் என்றால் ஊசி, பாட்டில், வெள்ளை உடுப்பு என்று நினைத்திருந்த எனக்கு ஸ்பூனால் தண்ணீர் ஊட்டுவது மருத்துவமாகவே தோன்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நிமிஷம் சொல்ல, என் மனைவி ஊட்டினாள். அவள் கை தளர்ந்தபோது ஆத்தா வாங்கிக்கொண்டார். அவர் ஸ்பூனை ஒதுக்கிவிட்டுப் பாலாடை கேட்டார். பழகிய கை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

இரண்டு தடவை எல்லாம் வெளியே வந்தது. மறுபடி ஆரம்பித்தோம். பேதியும் நிற்கவில்லை. ஆனால் பதினொரு மணி வாக்கில் ஆத்தா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்குப் போயிட்டா” என்றார். குழந்தை மூத்திரம் பெய்ததற்கு மூன்று பேர் கண்கலங்கியது அங்கேதான் நடந்திருக்கும். ஒரு மணிக்கு வீறிட்டு அழுதாள். டாக்டர் எழுந்து வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “கண்ணீர் வருது பாருங்க. இனி பயமில்லை” என்றார்.

அப்போதுதான் ஆத்தா கேட்டார். பாலாடையை மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

“ஏனுங் டாக்டரம்மா, எனக்கு மொதல்ல பொறந்தது பையனுங். சண்டைக் காலத்துல, பத்து மாசம். இதே மாதிரிதானுங் போச்சு. தண்ணி தண்ணின்னு நாக்கை நாக்கை நீட்டுனான். தண்ணி காட்டப்படாதுன்னாங்க, நானும் காட்டலீங். அன்னைக்குக் குடுத்திருந்தா என்ற பையன் பொழைச்சிருப்பானுங்களா?”

முப்பத்தைந்து, நாற்பது வருஷத்துக் கேள்வி. காலையில் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் காட்டாதே என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்னது அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான்.

டாக்டர் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். “அம்மா, அன்னைக்கு டாக்டருங்க புஸ்தகத்துலயே வயித்துக்கு ஓய்வு குடு, பட்டினி போடுன்னுதான் எழுதியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?” என்றார்.

ஆத்தா தலையை ஆட்டினார். சமாதானம் ஆனாரா என்று எனக்குத் தெரியாது. மறுபடி பாலாடையை நனைத்துக் குழந்தை வாயில் வைத்தார்.

அந்த டாக்டர் ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பேதியாகும்போது குடல் வெறும் உப்பையும் தண்ணீரையும் சரியாக உறிஞ்சுவதில்லை. ஆனால் சர்க்கரை கூட இருந்தால் சர்க்கரையின் கையைப் பிடித்துக்கொண்டு உப்பும் உள்ளே போகும், உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். பேதி எவ்வளவு போனாலும் இந்த வாசல் மட்டும் அடைபடுவதில்லை. இது விஞ்ஞானிகளுக்கே 1960-களில்தான் தெளிவாயிற்று. அதற்கு முன் நரம்பில் ஏற்றும் சலைன் ஒன்றுதான் வழி. அதற்குப் பாட்டிலும் ஊசியும் தெரிந்த கையும் வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் நம் நாட்டு டாக்டர் ஒருவர், கல்கத்தாவின் திலீப் மகலனோபிஸ், குழந்தை மருத்துவர். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது போன்காவ் முகாமில் காலரா பரவியது. தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் சேர்த்துத் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பச் செய்தார். நோயாளியின் உறவுக்காரர்களே கோப்பையில் பிடித்து ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில், அவர் பார்த்த நோயாளிகளிடையே சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. அதன்பிறகுதான் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் பொட்டலம் போட்டு உலகமெங்கும் கொடுக்க ஆரம்பித்தன. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் எழுதியது. மகலனோபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

1971 எங்கே, 1981 எங்கே? போன்காவ் டிரம்மிலிருந்து திருப்பூரில் ஒரு டாக்டர் வீட்டுச் சமையலறைக்கு அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது பத்தே வருஷத்தில். எங்கள் குழந்தைக்கு நேரத்துக்கு வந்தது. ஆத்தாவின் பையனுக்கு வரவில்லை.

என் மனைவியின் கேள்விக்கும் பதில் பிற்பாடுதான் கிடைத்தது. குளிர் மாதத்தில், முதலில் வாந்தியும் காய்ச்சலும், அப்புறம் தண்ணீராகப் பேதி. இது பெரும்பாலும் ரோட்டா வைரஸின் வேலை. 1973-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சக்கரம் போலத் தெரிந்ததால் ரோட்டா, லத்தீனில் சக்கரம். நான் படித்த பிரெஞ்சில் ‘ரூ’ என்பதும் அதே வேர்தான். இந்தச் சக்கரம் காய்ச்சிய தண்ணீருக்குக் கட்டுப்படாது. கையில், துணியில், பொம்மையில், தரையில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். சுத்தமான வீடு, அழுக்கு வீடு, பணக்கார நாடு, ஏழை நாடு என்று பார்க்காது. தடுப்பு மருந்து வருவதற்கு முன்னால் உலகத்தில் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது வந்திருக்கிறது. நாங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. இதை அவளிடம் சொன்னபோது மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. “இப்ப வந்து சொல்லுங்க” என்றாள்.

பஸ்தேர் கதையிலும் எங்கள் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவருக்கு ஐந்து குழந்தைகள். 1859-க்கும் 1866-க்கும் இடையில் மூன்று பெண்களைப் பறிகொடுத்தார், அதில் இரண்டு பேர் டைபாய்டில் போனார்கள். கிருமியை உலகத்துக்குக் காட்டிய மனிதர், தன் வீட்டு வாசலில் அதைத் தடுக்க முடியவில்லை. பெற்றவர்கள் கவனக்குறைவால்தான் குழந்தைக்கு நோய் வருகிறது என்று யாராவது நாக்கில் நரம்பில்லாமல் பேசினால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்து வந்துவிட்டது. இந்தியத் தயாரிப்பான ரோட்டாவேக் ஆராய்ச்சியில் நம் வேலூர் சி.எம்.சி.யும் பங்கெடுத்தது. 2016 முதல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்த்து, இப்போது தமிழ்நாட்டிலும் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. கூடவே துத்தநாக மாத்திரை, பதினான்கு நாள். பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், தாத்தா பாட்டிகள். அன்று எங்கள் வாசலில் நின்ற பெரியவர்களின் இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். குழந்தை துவண்டு கிடக்கும்போது இளம் பெற்றோர் கூகுளைப் பார்த்தாலும், ஒரு தடவை நம் முகத்தையும் பார்ப்பார்கள். அதனால் நாலு விஷயம் மட்டும்:

வயிற்றைக் காயப்போடச் சொல்லாதீர்கள். தாய்ப்பால் தொடரட்டும். பொட்டலம் கிடைத்தால் அதுதான் முதல், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, அன்றைக்குள் தீர்த்துவிட வேண்டும். கிடைக்கும்வரை மேலே சொன்ன உப்பு சர்க்கரைக் கணக்கு.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் மருந்தல்ல. அவற்றில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும்.

துணியை எண்ணுங்கள், இப்போது டயப்பரை. ஆறு மணி நேரம் ஒண்ணுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, ரத்தம் கலந்து போகிறது, குடிக்க மறுக்கிறது, எழுப்பினால் எழவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பெண்ணிடம் “நீ என்ன குடுத்த?” என்று கேட்காதீர்கள். அவள் அதைத் தனக்குள்ளே நூறு தடவை கேட்டு முடித்திருப்பாள்.

ஆத்தா அதற்குப்பின் பதினைந்து வருஷம் இருந்தார். எங்கள் வீதியில் எந்த வீட்டில் குழந்தைக்குப் பேதி என்றாலும் பாலாடையோடு முதல் ஆளாகப் போய் நிற்பார். உப்பு, சர்க்கரை அளவு அவருக்கு மனப்பாடம். ஏன் எதற்கு என்று யாருக்கும் விளக்கம் சொல்லமாட்டார். “தண்ணி குடு அம்மிணி, தண்ணி குடு” என்பார், அவ்வளவுதான்.